ஒரு லீற்றருக்கு எத்தனை மில்லி?



வழக்கமாக வரிப் படிவம், வற், ஓய்வூதியம் என்று உங்களை அலுக்க வைக்கும் ஆள் நான். சென்ற மாதம் சனிக்கிழமைப் பேச்சில் ரூ ஸ்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய் கலப்பது பற்றி இருபது நிமிடம் கதைத்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் முதலில் அழைத்த நேயர், "அண்ணை, நீங்கள் கணக்காளரோ, மெக்கானிக்கோ?" என்று கேட்டார். கணக்காளர்தான். ஆனால் இந்த விடயம் தொடக்கம் முதல் முடிவு வரை விகிதக் கணக்கு. அதனால் நானும் இதில் வாய் வைக்கலாம் என்று நினைத்தேன்.

அதற்குப் பின் அழைத்தவர்களில் பலர் பிள்ளைகளுக்கு டேர்ட் பைக் வாங்கிக் கொடுத்த பெற்றோர். சிலர் வீட்டுத் தோட்டத்தில் வேலி வெட்டும் மெஷின் வைத்திருப்பவர்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "அந்தக் கணக்கை எழுத்தில் தாருங்கோ." இதோ தருகிறேன். ஆனால் கணக்குக்கு முன் இரண்டு கதைகள் சொல்ல வேண்டும். ஒன்று எண்ணெய் கூடிய கதை. மற்றது எண்ணெயே இல்லாத கதை.

கிளாலியில் நின்ற மோட்டார்

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் எப்படி இருந்தது என்று எங்கள் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் சிறிஞ்சில் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் அடித்து எஞ்சினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். தெருவெல்லாம் புகை. பழைய எஞ்சின் ஒயிலைத் துணியில் வடித்து மறுபடி பாவித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

1993இல், கொமர்ஸ் பட்டத்தை ஒரு பிளாஸ்ரிக் உறையில் சுற்றிக்கொண்டு நான் குடாநாட்டை விட்டு வெளியேறினேன். ஆனையிறவுப் பாதை மூடியிருந்தது. இருந்த வழி கிளாலிக் கடல் நீரேரி. இரவில், விளக்கில்லாமல், மோட்டார் பூட்டிய ஒரு வள்ளம் முன்னால் போகும். அதன் பின்னால் கயிற்றில் நாலைந்து வள்ளங்கள். அந்த ஆண்டு சனவரியில்தான் அதே நீரேரியில் கடற்படையின் தாக்குதலில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டிருந்தார்கள். ஆகவே வள்ளத்தில் யாரும் பேசவில்லை. குழந்தைகள்கூட அழவில்லை.

பாதி வழியில் மோட்டார் இரண்டு தரம் இருமியது. பிறகு நின்றுவிட்டது. நான் முன்வள்ளத்தில், மோட்டாருக்குப் பக்கத்தில் இருந்தேன். ஓட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. மூடியைக் கழற்றி, இருட்டில் தடவிப் பிளக்கை எடுத்து, சாரத்தில் துடைத்துப் பார்த்தார். சொப்பிங் பையில் சுற்றி மடியில் வைத்திருந்த இன்னொரு பிளக்கைப் போட்டுக் கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. இதற்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு அது ஒரு முழு இரவு.

அக்கரையில் இறங்கியபின் கழற்றிய பிளக்கை அவர் எனக்குக் காட்டினார். கரியும் எண்ணெயுமாகக் கறுப்புக் களி. "பெடியன் இருட்டிலை கண்ணளவிலை ஒயில் விட்டிருக்கிறான்," என்றார். பிறகு சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது: "தம்பி, ஒயில் குறைஞ்சா எஞ்சின் சாகும். கூடினா பிளக் சாகும். நடுக்கடலிலை ரெண்டும் ஒண்டுதான்."

இந்த மாதக் கட்டுரை முழுவதும் அவர் சொன்ன அந்த வார்த்தைக்கான விளக்கம்தான்.

பெற்றோலுக்குள் ஏன் எண்ணெய்?

உங்கள் காரில் இருப்பது ஃபோர் ஸ்ரோக் எஞ்சின். அதன் அடியில் எண்ணெய்த் தொட்டி ஒன்று உண்டு. பம்ப் அந்த எண்ணெயை எல்லாப் பாகங்களுக்கும் சுற்றிச் சுற்றி அனுப்பும். எண்ணெயும் பெற்றோலும் சந்திப்பதில்லை. அவை தனித்தனிக் கணக்கு.

ரூ ஸ்ரோக் எஞ்சினில் அந்தத் தொட்டி இல்லை. காற்றும் பெற்றோலும் கலந்த ஆவி முதலில் பிஸ்ரனுக்குக் கீழே, கிராங்க் சுழலும் அறைக்குள் வருகிறது. பிஸ்ரன் கீழே இறங்கும்போது அந்த ஆவி அழுத்தப்பட்டு, பக்க வழியாக மேலே ஏறி, அங்கே எரிகிறது. கிராங்க் அறையே பம்பாக வேலை செய்வதால் அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க முடியாது. ஆகவே பெற்றோலோடு எண்ணெயைக் கலந்து அனுப்புகிறோம். போகிற வழியில் அது பேரிங்கிலும் பிஸ்ரனிலும் சிலிண்டர்ச் சுவரிலும் மெல்லிய படலமாகப் படிகிறது. வேலை முடிந்ததும் பெற்றோலோடு சேர்ந்து எரிந்து, புகையாக வெளியே போகிறது.

ஃபோர் ஸ்ரோக்கில் எண்ணெய் முதலீடு. ரூ ஸ்ரோக்கில் எண்ணெய் அன்றாடச் செலவு. ஒரு நாள் கொடுக்காவிட்டால் அன்றைக்கே கடை மூட வேண்டும்.

விகிதமும் மில்லியும்

40:1 என்றால் 40 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு எண்ணெய். பெற்றோலின் அளவை மில்லி லீற்றரில் எழுதி, பெரிய எண்ணால் பிரித்தால் எண்ணெயின் அளவு வரும். 5 லீற்றர் என்பது 5000 மில்லி. 5000ஐ 40ஆல் பிரித்தால் 125 மில்லி. அவ்வளவுதான். கராஜ் சுவரில் ஒட்டி வைக்க ஒரு சிறு பட்டியல்:

25:1 – லீற்றருக்கு 40 மில்லி. 5 லீற்றருக்கு 200 மில்லி
30:1 – லீற்றருக்கு 33 மில்லி. 5 லீற்றருக்கு 167 மில்லி
32:1 – லீற்றருக்கு 31 மில்லி. 5 லீற்றருக்கு 156 மில்லி
40:1 – லீற்றருக்கு 25 மில்லி. 5 லீற்றருக்கு 125 மில்லி
50:1 – லீற்றருக்கு 20 மில்லி. 5 லீற்றருக்கு 100 மில்லி
60:1 – லீற்றருக்கு 17 மில்லி. 5 லீற்றருக்கு 83 மில்லி

கணக்கு எளிது. ஆனால் விழுவதற்கு நாலு குழிகள் இருக்கின்றன.

முதலாவது: எண் பெரிதானால் எண்ணெய் குறைகிறது. "50 கூடத்தானே, அது பாதுகாப்பு" என்று நினைத்தால் தலைகீழாகிவிடும். 25:1இல் இருக்கும் எண்ணெயில் பாதிதான் 50:1இல் இருக்கிறது.

இரண்டாவது: சில புத்தகங்களில் வீதமாக எழுதியிருப்பார்கள். 2 வீதம் என்றால் 50:1. 4 வீதம் என்றால் 25:1. 4 வீதத்தை 40:1 என்று மாறி வாசித்தால் தேவையான எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

மூன்றாவது: கலன். இதில் படித்தவர்களே விழுகிறார்கள். யூரியூப்பில் அமெரிக்கர் ஒருவர் "40:1க்கு ஒரு கலனுக்கு 3.2 அவுன்ஸ்" என்று சொல்வார். அவருக்கு அது சரி, ஏனென்றால் அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர், அதில் 128 அவுன்ஸ். எங்கள் பிரித்தானியக் கலன் 4.546 லீற்றர், அதில் 160 அவுன்ஸ். அவர் சொன்ன 3.2 அவுன்ஸை எங்கள் கலனில் விட்டால் 160ஐ 3.2ஆல் பிரிக்க வேண்டும். வருவது 50. நீங்கள் 40:1 என்று நம்பிக்கொண்டு 50:1இல் ஓட்டுகிறீர்கள். இங்கே பெற்றோலை லீற்றரில்தானே வாங்குகிறோம்? கலனையும் அவுன்ஸையும் மறந்துவிட்டு, கணக்கையும் லீற்றரிலும் மில்லியிலுமே வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது: ராங்கில் மிச்சம் இருக்கும்போது வேறு விகிதத்தில் நிரப்புவது. 50:1இல் 3 லீற்றர் மிச்சம், அதன்மேல் 30:1இல் 3 லீற்றர் விடுகிறோம். "நடுவில் 40:1 ஆகியிருக்கும்" என்று சொல்லத் தோன்றும். பாருங்கள்: முதல் 3 லீற்றரில் 60 மில்லி எண்ணெய், அடுத்த 3 லீற்றரில் 100 மில்லி. மொத்தம் 6000 மில்லி பெற்றோலுக்கு 160 மில்லி எண்ணெய். விகிதம் 37.5:1. விகிதங்களைக் கூட்டி இரண்டால் பிரிக்கக் கூடாது, எண்ணெயையும் பெற்றோலையும் தனித்தனியாகக் கூட்ட வேண்டும். இதில் வித்தியாசம் சிறிதுதான். ஆனாலும் பழக்கம் சரியாக இருக்க வேண்டும்.

எந்த வண்டிக்கு எந்த விகிதம்?

இதற்கு என் பதில் உங்களுக்குச் சப்பென்று இருக்கும்: வண்டியோடு வந்த கைநூல் சொல்வதுதான். புத்தகம் தொலைந்திருந்தால் பெரும்பாலான கம்பனிகளின் இணையத்தளங்களில் இலவசமாக எடுக்கலாம். யமஹாவின் வை.இசற். மோட்டோகுரொஸ் வண்டிகளுக்கு 30:1. கவசாகி கே.எக்ஸ். வண்டிகளுக்கு 32:1. கே.ரி.எம்.மின் காபரேற்றர் உள்ள 300 சிசி ஈ.எக்ஸ்.சி. வகைகளுக்கு, நல்ல செயற்கை எண்ணெயோடு, 60:1. தோட்டத்துக்குப் பாவிக்கும் ஸ்ரில் மெஷின்களுக்கு 50:1.

ஏன் இத்தனை வேறுபாடு? எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, எவ்வளவு நேரம் முழு வேகத்தில் நிற்கிறது, எவ்வளவு சூடாகிறது, எந்த எண்ணெயை வைத்துச் சோதித்தார்கள் என்பவைதான் காரணம். மோட்டோகுரொஸ் ஓட்டுபவர் கைப்பிடியை முறுக்கியபடியே இருப்பார். காட்டுப் பாதையில் மெல்ல ஏறி இறங்குபவரின் எஞ்சினுக்கு அந்தச் சுமை இல்லை. மெல்ல ஓடும் எஞ்சினில் எண்ணெய் கூடினால் எரிந்து முடியாமல் பிளக்கில் படியும். கிளாலியில் நடந்தது அதுதான். நாலைந்து வள்ளங்களை இழுத்துக்கொண்டு மெல்ல ஓடிய எஞ்சின், அதற்குள் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாகாத மண்ணெண்ணெய், அதற்கு மேல் கண்ணளவு ஒயில்.

எண்ணெய்ப் போத்தலில் 50:1 என்றும் வண்டிப் புத்தகத்தில் 32:1 என்றும் இருந்தால் புத்தகத்தைப் பின்பற்றுங்கள். போத்தல் விற்பவருக்கு உங்கள் எஞ்சினைத் தெரியாது.

"எண்ணெய் கூடினால் தீங்கில்லையே" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே இரண்டு கணக்கேடுகள் இருக்கின்றன. ஒன்று எண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் உள்ள விகிதம். மற்றது பெற்றோலுக்கும் காற்றுக்கும் உள்ள விகிதம், அதைக் காபரேற்றர் தீர்மானிக்கிறது. முதல் ஏட்டில் கை வைத்தால் இரண்டாவதும் அசையும். 25:1இல் கலந்த ஒரு லீற்றருக்குள் பெற்றோல் 962 மில்லி. 50:1இல் 980 மில்லி. காபரேற்றரின் துவாரம் அதேதான். ஆகவே எண்ணெயைக் கூட்டினால் எஞ்சினுக்குப் போகும் பெற்றோல் ஏறக்குறைய 2 வீதம் குறைகிறது. பெற்றோல் குறைந்தால் சூடு கூடும். எண்ணெயைக் கூட்டிவிட்டுப் பாதுகாப்பு என்று நினைப்பவர் மறுபக்கத்தில் கொஞ்சம் எடுத்துவிடுகிறார்.

விகிதத்தை மாற்றினால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் கபிலம் நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய் கூடியிருக்கலாம், அல்லது காபரேற்றர் அளவுக்கு மேல் பெற்றோல் விடலாம். வெள்ளையாக வெளிறியிருந்தால் ஓட்டத்தை நிறுத்தி, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

எந்த எண்ணெய்?

காருக்கு விடும் எஞ்சின் ஒயில் வேண்டாம். அது எரிவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதிலுள்ள உலோகச் சேர்க்கைகள் எரிந்து சாம்பலாகி, பிஸ்ரன் தலையிலும் பிளக்கிலும் படியும்.

வள்ளத்து மோட்டாருக்கான எண்ணெயில் ரி.சி.டபிள்யு.3 என்று எழுதியிருக்கும். தண்ணீரால் குளிரூட்டப்பட்டு, ஓரளவு குளிர்மையாக ஓடும் வள்ள எஞ்சினுக்காகச் செய்தது அது. கடுஞ்சூட்டில் ஓடும் டேர்ட் பைக்குக்கு அது பொருந்தாது. மோட்டார் சைக்கிளுக்கு ஜப்பானியத் தரமான ஜாசோவைப் பாருங்கள். எஃப்.பி., எஃப்.சி., எஃப்.டி. என்று படிகள் உண்டு. மேலே போகப் போகப் புகை குறைவு, கரி குறைவு. பந்தய வண்டிக்கென்றே செய்யும் எண்ணெய்களும் உண்டு. எது வாங்கினாலும் ஒன்றையே பாவியுங்கள். இரண்டு வகையை ஒன்றாக ஊற்ற வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு சின்னச் செய்தி. அந்தக் காலப் பந்தய வண்டிகளிலும் முதலாம் உலகப் போர் விமானங்களிலும் ஓடியது எங்கள் ஆமணக்கெண்ணெய்தான். சாள்ஸ் வேக்ஃபீல்ட் என்பவர் 1899இல் இதே லண்டனில் தொடங்கிய எண்ணெய்க் கம்பனி, 1909இல் ஆமணக்கெண்ணெய் சேர்த்த ஒரு எஞ்சின் எண்ணெயை வெளியிட்டது. ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து அதற்கு வைத்த பெயர்தான் காஸ்ற்றோல். சின்ன வயதில் மூக்கைப் பொத்திப் பருக்கினார்களே, அதே எண்ணெய். அதற்காகச் சமையலறைப் போத்தலைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போகாதீர்கள். ஆமணக்கெண்ணெய் குளிரில் பெற்றோலோடு சரியாகச் சேராமல் பிரியும். மார்கழிக் காலையில் உறையும் தேங்காயெண்ணெயோ இதற்கு ஆகவே ஆகாது.

கண்ணளவின் விலை

கண்ணளவு எங்கள் ஊருக்கு மட்டும் உரிய நோயல்ல. 1980இல் தமிழ்நாட்டு ஓசூரில் இருந்து ரி.வி.எஸ்.50 வந்தது. பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் அதற்கு முன்பே, 1972இல். இந்தியாவில் ஒரு தலைமுறையே ரூ ஸ்ரோக்கில்தான் வேலைக்குப் போனது. ஓட்டோக்களும் அப்படியே. 2 வீதம் எண்ணெய் போதும் என்று தயாரித்தவர்கள் சொன்னாலும், "இன்னும் கொஞ்சம் விட்டால் எஞ்சின் நீடிக்கும்" என்று நம்பிப் பல மடங்கு ஊற்றினார்கள். போத்தலில் சில்லறையாக வாங்கிய மலிவு எண்ணெய் வேறு. நகரங்கள் நீலப் புகையில் மூடின. 1998 யூலையில் இந்திய உச்ச நீதிமன்றம், தில்லியில் சில்லறை எண்ணெய் விற்பனையை நிறுத்தி, அந்த ஆண்டு முடிவதற்குள் பெற்றோல் நிலையங்களில் அளவாகக் கலந்து கொடுக்கும் கருவிகளைப் பொருத்தும்படி உத்தரவிட்டது. ஒரு நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் எண்ணெயின் அளவைப் பற்றிப் பேச வேண்டி வந்தது. இலங்கையும் 2008இல் ரூ ஸ்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதியைத் தடை செய்தது.

இன்று சில புது டேர்ட் பைக்குகளில் எண்ணெய்க்குத் தனித் தொட்டி வைத்து, தேவைக்கேற்பக் கணினியே கலந்துகொள்கிறது. ஆனால் எங்கள் பிள்ளைகள் வாங்குவது பெரும்பாலும் பழைய வண்டி. அதில் கலப்பவர் நாங்கள்தான்.

இரண்டாவது கதை

என் தங்கையின் மகன் லண்டனில் பிறந்தவன். பல்கலைக்கழகம் போகிறான், சனி ஞாயிறில் வேலையும் செய்கிறான். சேர்த்த காசில் பழைய 125 சிசி வண்டி ஒன்று வாங்கினான். புத்தகத்தில் 40:1. அவன் கவனமான பெடியன். அளவுக் குவளை வைத்திருந்தான், லீற்றருக்கு 25 மில்லி சரியாகக் கலந்து, பச்சைப் பிளாஸ்ரிக் கானில் ஊற்றி, தங்கை வீட்டுத் தோட்டக் கொட்டிலில் வைத்தான்.

அதே கொட்டிலில் இன்னொரு பச்சைக் கானும் இருந்தது. அதே கடை, அதே அளவு. அது புல்லு வெட்டும் மெஷினுக்கு. அது ஃபோர் ஸ்ரோக், ஆகவே வெறும் பெற்றோல். மெஷினைத் தங்கைக்குக் கொடுத்தது நான். பெற்றோலை வாங்கி வைத்ததும் நான். கந்தோரில் ஒவ்வொரு கோப்புக்கும் பெயரும் திகதியும் எழுதி ஒட்டுகிற நான், அந்தக் கானில் ஒன்றும் எழுதவில்லை.

ஒரு ஞாயிறு காலை, இருட்டோடு அவசரமாக வானில் வண்டியை ஏற்றியவன் கானை மாறி எடுத்துவிட்டான். பந்தயப் பாதையில் மூன்றாவது சுற்று. எண்ணெய் இல்லாத பிஸ்ரன் சூடாகி விரிந்து, சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது. பின்சில்லு இறுகி நின்றது. அவன் முன்னால் தூக்கி எறியப்பட்டான். பின்னால் வந்தவர் எப்படியோ விலகிப் போனார். காறை எலும்பு முறிந்தது. தலைக்கவசத்தில் ஒரு நீளமான கீறல்.

ஆஸ்பத்திரியில் கையைக் கட்டிக்கொண்டிருந்தவனிடம் போய், "தம்பி, அந்தக் கான் என்ரை பிழை" என்றேன். "இல்லை மாமா, நான் மணந்து பார்த்திருக்க வேணும்" என்றான். மணந்து பார்த்தால் தெரியாது என்று எனக்குத் தெரியும். தங்கை ஒன்றும் சொல்லவில்லை. அவளும் 1993இல் அதே வள்ளத்தில் என் பக்கத்தில் இருந்தவள். அன்றிரவு அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அத்தனை தூரம் வந்து, ஒரு துண்டுக் காகிதம் ஒட்டாததால்.

ஆகவே, செய்ய வேண்டியவை

ஒன்று: கலந்ததற்கு ஒரு கான், கலக்காததற்கு வேறு நிறம் அல்லது வேறு அளவு. இரண்டிலும் எழுத்து. விகிதமும் கலந்த திகதியும் இருக்க வேண்டும்.

இரண்டு: முதலில் எண்ணெய், பிறகு பாதிப் பெற்றோல், மூடிக் குலுக்கி, மீதிப் பெற்றோல், மறுபடி குலுக்கு. ராங்கில் விடுவதற்கு முன்னும் ஒரு குலுக்கு.

மூன்று: சந்தேகம் வந்தால் வெள்ளைக் காகிதத்தில் ஒரு துளி விடுங்கள். திறந்த வெளியில், நெருப்புக்குத் தூரமாக. வெறும் பெற்றோல் பறந்து காகிதம் காய்ந்துவிடும். எண்ணெய் கலந்திருந்தால் கறை நிற்கும். பல எண்ணெய்களுக்கு நீலமோ சிவப்போ பச்சையோ நிறம் சேர்ப்பதும் இதற்காகத்தான். சந்தேகம் தீராவிட்டால் அந்தப் பெற்றோலை வண்டிக்கு விடாதீர்கள்.

நாலு: இங்கே 2021 செப்டெம்பரிலிருந்து சாதாரண பெற்றோல் ஈ10. அதாவது 10 வீதம் வரை எதனோல். எதனோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கனநாள் வைத்தால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரியும். சுப்பர் வகையில் 5 வீதம் வரைதான், பழைய வண்டிக்கு அது நல்லது. எதுவானாலும் ஒரு மாதத்துக்குத் தேவையான அளவு மட்டும் கலவுங்கள்.

ஐந்து: வீட்டில் பெற்றோல் வைத்திருக்கச் சட்டம் உண்டு. அறிவிக்காமல் 30 லீற்றர் வரை வைத்திருக்கலாம். பிளாஸ்ரிக் கான் ஒன்று 10 லீற்றருக்கு மேலும், உலோகக் கான் ஒன்று 20 லீற்றருக்கு மேலும் போகக் கூடாது. படுக்கும் வீட்டுக்குள் வேண்டாம், வெளிக் கொட்டிலில் வையுங்கள்.

ஆறு: பூங்காவிலும் பொது நிலத்திலும் தெருவிலும் டேர்ட் பைக் ஓட்ட விடாதீர்கள். அனுமதியில்லாத நிலத்தில் ஓட்டுவது 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். மற்றவருக்குத் தொல்லை கொடுத்து ஓட்டினால் 2002ஆம் ஆண்டுப் பொலிஸ் சீர்திருத்தச் சட்டத்தின்படி வண்டியைப் பொலிஸார் எடுத்துப் போகலாம். அனுமதி பெற்ற பந்தயப் பாதைகள் இருக்கின்றன. பணம் கட்டி அங்கே ஓட்டட்டும்.

ஏழு: ஓடும்போது எஞ்சினின் சத்தம் திடீரென்று மாறினாலோ, இழுவை குறைந்தாலோ உடனே கிளச்சைப் பிடிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். எஞ்சின் இறுகினாலும் பின்சில்லு சுழலும். விழாமல் நிற்க அது ஒரு வாய்ப்பு.

மருமகனின் எலும்பு பொருந்திவிட்டது. புதுப் பிஸ்ரன் போட்டு, சிலிண்டரைத் திருத்தி எடுத்த செலவை நான் கொடுத்தேன், அவன் வேண்டாம் என்றும் கேட்கவில்லை. இப்போது அந்தக் கொட்டிலில் கலந்த கான் சிவப்பு, கலக்காத கான் பச்சை. ஆங்கிலத்தில் அவன் எழுதி ஒட்டினான். அதற்குக் கீழே தங்கை தமிழில் பெரிய எழுத்தில் ஒன்றில் "கலந்தது 40:1" என்றும் மற்றதில் "கலக்காதது" என்றும் எழுதி ஒட்டியிருக்கிறாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் அவன். போன கிழமை நான் போனபோது ஒவ்வோர் எழுத்தாக வாசித்துக் காட்டினான். "ககர வரிசை எல்லாம் வந்திட்டுது, மாமா" என்றான்.

நேயர்களே, இன்றைக்கு உங்கள் கொட்டிலைத் திறந்து பாருங்கள். பெயர் எழுதாத கான் ஏதும் இருந்தால் இந்தத் தாளை வாசித்து முடித்த கையோடு எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த மாதம் வழக்கம்போல வரிப் படிவத்தோடு வருவேன்.